ஏற்காட்டில் கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு நாள் வகுப்பு: போகலாம், ரிப்போர்ட் மட்டும் வாங்க வேண்டாம்

எங்களுக்குத் தை மாதம் கல்யாணம். நிச்சயம் முடிந்து இரண்டு மாதமாகப் போனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தபோது, ஆபீஸில் ஒரு அக்கா இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து பங்களாவில் சனி, ஞாயிறு இரண்டு நாள். ஈர்ப்பு எப்படி வருகிறது, நெருக்கம் எப்படி வளர்கிறது என்பதை உளவியல் படித்த ஒரு மேடம் பாடமாக எடுக்கிறார். ஜோடிக்கு 4,500 ரூபாய். சாப்பாடு, தங்குவது, அஸ்தம்பட்டியிலிருந்து வேன் எல்லாம் அதிலேயே அடக்கம். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் நடத்துபவர்கள் பெயரைப் போடவில்லை. இப்படி ஒரு வகுப்புக்குப் பணம் கட்ட யோசிக்கிறவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னைத் தனியாக அனுப்ப வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, பெரியம்மாவும் கூட வந்தார். வேனில் நான் ஜன்னலோரம், பக்கத்தில் அவர், பின் சீட்டில் பெரியம்மா. அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும், மொத்தம் 20. பதினான்காவது வளைவில் எதிரே பஸ் வந்து, எங்கள் வேன் ஓரமாக ஒதுங்கி, எட்டிப் பார்த்தால் கீழே ஒன்றுமே தெரியாத பனி, நான் சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். முதல் தடவை. மேலே போய் இறங்கிய பிறகும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

இறங்கியதும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். பக்கத்தில் இருப்பவர் மேல் இந்த நிமிடம் உங்களுக்கு எவ்வளவு ஈர்ப்பு, பத்துக்கு எத்தனை என்று எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். நான் 9 போட்டேன். காபி குடித்து, அறிமுகம் எல்லாம் முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி, இந்த முறை 7 தான் வந்தது. அங்கிருந்த பதினோரு ஜோடியில் பெரும்பாலானோருக்கு இறங்கித்தான் இருந்தது. அதற்கு அப்புறம்தான் மேடம் பாடத்தையே ஆரம்பித்தார்.

கனடாவில் வான்கூவர் பக்கம் கேபிலானோ என்று ஒரு தொங்கு பாலம், கீழே 70 மீட்டர் பள்ளம். 1974-இல் டட்டன், ஆரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அங்கே நடந்தது. ஆடுகிற அந்தப் பாலத்தைக் கடந்து வரும் ஆண்களை ஒரு பெண் நிறுத்திச் சில கேள்விகள் கேட்டுவிட்டு, ஆய்வைப் பற்றி விவரம் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் கொடுத்தார். கொஞ்சம் தள்ளி, உயரம் குறைந்த உறுதியான ஒரு மரப்பாலத்திலும் இதையே செய்தார். ஆடும் பாலத்தில் நம்பர் வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள், மரப்பாலத்தில் வாங்கிய 16 பேரில் 2 பேர். பயத்தில் வந்த படபடப்பை மனசு எதிரே நிற்கும் ஆள் கணக்கில் எழுதிவிடுகிறது என்பது விளக்கம். ஆனால் படபடப்பு புதிதாக ஒன்றை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே பிடித்திருந்தால் இன்னும் பிடிக்க வைக்கும், பிடிக்காவிட்டால் இன்னும் பிடிக்காமல் செய்யும் என்று 1981-இல் வந்த ஆய்வையும் மேடம் விடாமல் சொன்னார். எனக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது. முதலில் போட்ட 9-ஐ மலை வளைவு கொடுத்தது என்றாலும், அந்த 7 என்னுடையது.

அடுத்த வகுப்பு அருகாமை பற்றி. 1950-இல் ஃபெஸ்டிங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் யாருக்கு யார் நண்பர் என்று விசாரித்ததில், அடுத்த கதவுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்கள், அதே மாடியின் இரண்டு கோடியில் இருப்பவர்களில் 10 சதவீதம்தான். அடிக்கடி கண்ணில் படுவதே பிடித்துப்போகக் காரணமாகும் என்று 1968-இல் ஸயான்ஸ் காட்டினார். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெரியம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "நாங்களும் அப்படித்தானுங்க" என்றார். அம்மாப்பேட்டையில் பெரியப்பா வீடு எதிர்வீடு, இரண்டு வீட்டிலும் குழித்தறி. "எதிர்த்தறிச் சத்தம் நின்னா அவரு சாப்பிடப் போயிட்டாருன்னு அர்த்தம். ஒரு நாள் ரொம்ப நேரம் நின்னுபோச்சு. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது." மேடம் பாடத்தை நிறுத்திவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இவ்வளவு வருஷத்தில் இந்தக் கதையைப் பெரியம்மா எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் அது வரைக்கும் அவருக்கு உட்கார வராந்தா படிதான் கிடைத்தது. நம்ம ஊரில் நிச்சயமான பெண்ணோடு வீட்டிலிருந்து ஒருவர் வரத்தான் செய்வார்கள், அவர்களுக்கு ஒரு இடம், ஒரு போர்வை யோசித்து வைக்க வேண்டாமா? கார்த்திகை மாசக் குளிரில் வயசானவர் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் வருத்தம். சாப்பாடு பரவாயில்லை, காபி அருமை.

இரண்டு நாளில் சிறந்தது 36 கேள்விப் பயிற்சி. அதே ஆரன் 1997-இல் வெளியிட்டது. கேள்விகள் மூன்று கட்டு, ஒவ்வொன்றிலும் 12, போகப் போக ஆழமாகும், மொத்தம் முக்கால் மணி நேரம். முன்பின் தெரியாதவர்கள்கூட இதற்குப் பிறகு நெருக்கமாக உணர்ந்தார்கள். இதைக் காதல் வரவழைக்கும் வித்தை என்று பலர் சொல்வார்கள், ஆரன் பார்த்தது நெருக்கத்தை மட்டும்தான் என்று மேடம் தெளிவாகச் சொன்னார். போன் பண்ணும் முன் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்ப்பீர்களா என்பது ஆரம்பத்தில் வரும் சாதாரணக் கேள்வி. அவர் பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். செவ்வாய்ப்பேட்டையில் அவர்களுக்குக் கொலுசுப் பட்டறை. அது ஒரு எடைச் சீட்டு, முன்பக்கம் கிராம் கணக்கு, பின்பக்கம் பென்சிலில் மூன்று வரி: சாப்பிட்டீங்களா. ஆபீஸ் எப்படி. அத்தை கால்வலி. என் அம்மா கால்வலி! இரண்டு மாதமாக இந்த மனிதர் ஒவ்வொரு போனுக்கும் எழுதி வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார், நான் அவருக்குப் பேச விருப்பமில்லை போல என்று நினைத்து ராத்திரியெல்லாம் குழம்பியிருக்கிறேன். 4,500 ரூபாய் அந்த நிமிடத்திலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சறுக்கல். குழந்தையில் அம்மாவிடம் இருந்த பிணைப்பின் சாயல் பெரியவர்கள் காதலிலும் தெரியும் என்ற ஹேசன், ஷேவர் இருவரின் 1987 ஆய்வுக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கினார்கள். பிணைப்பு மூன்று ரகம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, மூன்று பத்தி வாசித்து, நீங்கள் எந்த ரகம் என்று கை தூக்கச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டில் ஒரு ஜோடி அந்தப் பெயர்களை வைத்தே சண்டை போட்டுக்கொண்டது. அந்த ரகம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்வதில்லை, நல்ல துணையோடு மாறவும் கூடும் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெற்றோர் பார்த்த கல்யாணத்தில் காதல் போகப் போகக் கூடும் என்று 1982 ஜெய்ப்பூர் ஆய்வை மட்டும் சொன்னதும் போதாது. அது 50 ஜோடிகளிடம் நடந்தது. வந்த பிறகு தேடிப் படித்தேன்: அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் நடத்தி 2012-இல் வந்த ஆய்வில் காதல் கல்யாணத்துக்கும் பெற்றோர் பார்த்த கல்யாணத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இப்போது அந்த ரிப்போர்ட். கிளம்பும் நேரத்தில் ஆளுக்கு 60 கேள்வி நிரப்பச் சொல்லி, இன்னொரு 1,500 ரூபாய் கட்டினால் பொருத்தம் எத்தனை சதவீதம் என்று அச்சடித்துத் தருகிறார்கள். நாங்களும் கட்டினோம், 87 வந்தது. பக்கத்து மேஜையில் ஒரு பெண்ணுக்கு 52. அவள் முகம் விழுந்ததை என்னால் மறக்க முடியவில்லை. கூட வந்த அவள் அப்பா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேன் கீழே இறங்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் இதைக் கோபமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவர்கள் சொல்லிக்கொடுத்த துறையே இந்தத் தாளை ஏற்காது. 2017-இல் ஜோயல், ஈஸ்ட்விக், ஃபிங்கல் மூவரும், ஆட்கள் சந்திக்கும் முன்பே நூற்றுக்கும் மேற்பட்ட குணங்கள், விருப்பங்கள் எல்லாம் கேட்டு வாங்கி, கணினிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பொதுவாக யாரைப் பலருக்கும் பிடிக்கும் என்று ஓரளவு கணிக்க முடிந்தது. குறிப்பிட்ட இந்த ஆளுக்குக் குறிப்பிட்ட அந்த ஆளைப் பிடிக்குமா என்பதை மட்டும் கணிக்க முடியவில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்பு சொல்லியிருக்கிறது, வயதும் உருவமும் அன்பும் அருளும் அறிவும் அதில் உண்டு. ஜோசியரிடம் போனால் அவரும் பத்துப் பொருத்தம் பார்க்கிறார். ஏற்கெனவே இத்தனை தடை தாண்டி வந்த பெண்ணுக்கு இன்னொரு தாளில் 52 என்று எழுதிக் கொடுக்க யாருக்கு என்ன உரிமை?

ஆக, வகுப்புக்குத் தாராளமாகப் போங்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், வாந்தி வருபவர்கள் வேனில் முன் சீட்டு கேளுங்கள், கூட வரும் பெரியவர்களுக்கு நாற்காலி உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட் வேண்டாம் என்று பணம் கட்டும்போதே சொல்லிவிடுங்கள், யாரும் வற்புறுத்துவதில்லை.

திங்கட்கிழமை மதியம் அவரிடமிருந்து போன். பட்டறையில் புதிதாக வந்த ஒரு பையன் கொலுசுக்குச் சலங்கை வைத்துப் பற்றவைக்கக் கற்றுக்கொள்ளும் கதையை இருபது நிமிடம் சொன்னார். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவே இல்லை.