ரிவர்ஸ் விழாத மூன்று விநாடி: ஆறு வருட அவுட்போர்டு அனுபவம்

பதினாறடி ஃபைபர் படகு, பின்னால் 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் என்ஜின். ஆறு வருடத்தில் மீட்டர் நானூறு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. வேகம், பெட்ரோல் செலவு எல்லாம் முதல் மாதத்திலேயே பிடிபட்டுவிடும் சமாச்சாரங்கள். என்னைப் படுத்தி எடுத்தது கடைசி முப்பதடி. ஜெட்டி (படகைக் கட்டும் துறைமேடை) கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் படகு இன்னும் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது.

முதல் இரண்டு வருடம் நான் ஜெட்டியை அணைத்ததை அணைத்தது என்றே சொல்லக்கூடாது. முட்டி நின்றேன், அவ்வளவுதான். கார் ஓட்டும் பழக்கம்தான் காரணம். காரில் முன்சக்கரம் திரும்பினால் மூக்கு திரும்பும். படகில் திரும்புவது பின்பக்கம். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் பின்பக்கம் இடப்பக்கமாக வீசிப் போகும். அதைவிட முக்கியம், அவுட்போர்டில் தனியாகச் சுக்கான் கிடையாது. நியூட்ரலில் ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் படகு அநேகமாகக் காதில் வாங்காது. புரொப்பல்லர் தள்ளினால்தான் திசை. அதனால் முதலில் ஸ்டியரிங், அப்புறம் கியர். இந்த வரிசை கைக்குப் பழகியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது.

மீதிப் பாதி, கியரை விட்டு விட்டுப் போடுவது. ஒரு விநாடி முன்னால், உடனே நியூட்ரல், கொஞ்சம் மிதக்க விட்டு மறுபடி ஒரு விநாடி. காற்று, நீரோட்டம் இரண்டில் எது பலமோ அதை எதிர்த்து, இருபது முப்பது டிகிரி சாய்வில் வருவேன். என் புரொப்பல்லர் பின்னாலிருந்து பார்த்தால் வலமாகச் சுற்றும் ரகம். ரிவர்ஸ் போட்டால் பின்பக்கத்தைக் கொஞ்சம் இடப்புறம் இழுக்கும். ஆகவே முடிந்தவரை இடப்பக்கத்தை ஜெட்டிக்குக் கொடுத்து வருகிறேன். கடைசியாக ஸ்டியரிங்கை ஜெட்டிப் பக்கம் திருப்பி ஒரு சின்ன ரிவர்ஸ் கொடுத்தால் படகும் நிற்கும், பின்பக்கமும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் ரிவர்ஸ் விழுந்தால்தான்.

நாலாவது வருடக் கடைசியில் நன்றாக வந்துகொண்டிருந்த எனக்குத் திடீரென்று கை கெட்டுவிட்டது. சரியான நேரத்தில் ரிவர்ஸ் போட்டதாகத்தான் நினைப்பேன், படகு நிற்காது. இரண்டு மூன்று விநாடி கழித்து 'டங்' என்று விழுந்து, வேண்டாத நேரத்தில் பின்னால் இழுக்கும். ஒரு முறை தூணில் உரசி, உள்ளங்கை அகலத்துக்கு ஜெல்கோட் (ஃபைபரின் மேல்பூச்சு) பெயர்ந்து வந்தது. வயதாகிறது, கவனம் சிதறுகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒருநாள் பின்னால் கயிறோடு நின்றிருந்த மைத்துனன்தான் கண்டுபிடித்தான்.

"அத்தான், ரிவர்ஸ்லயா இருக்கு? பின்னாடி தண்ணி கலங்கவே இல்லையே!"

லீவர் ரிவர்ஸில் இருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் தண்ணீர் சும்மா கிடந்தது. என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு முன்னாலேயே பார்த்து நின்ற எனக்கு இது தெரியவே இல்லை.

அன்று சாயங்காலமே குடைய ஆரம்பித்தோம். கழற்றினால் என்ஜின் ஓடாதபடி செய்யும் கில் ஸ்விட்ச் கயிற்றைக் கழற்றி, சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் புரொப்பல்லர் பக்கம் கை வைத்தோம். முதல் சந்தேகம் புரொப்பல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ். அது நழுவினால் தண்டு சுற்றும், இறக்கை சுற்றாது. ஆனால் அப்படி நழுவுவது பெரும்பாலும் த்ராட்டிலைக் கூட்டும்போது தெரியும். ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் கணக்கு) எகிறும், படகு நகராது. அதைச் சோதிக்க நடுக்குழலிலிருந்து வெளிப்பகுதி வரை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பார்த்தால் போதும். எங்கள் கோடு அடுத்த நாளும் நேராகவே இருந்தது. கியர் ஆயிலும் பால்போல் வெளுத்திருக்கவில்லை. ஆயிலை வடிக்கும் அடித்திருகின் காந்தத்தில் மை போன்ற பசை மட்டும்தான், துணுக்கு எதுவும் இல்லை.

அடுத்து மூடியைத் திறந்து, கியர் லீவரின் அசைவை என்ஜினுக்குக் கொண்டுபோகும் ஷிஃப்ட் கேபிளை என்ஜின் பக்கத்தில் கழற்றினேன். அந்தக் கேபிள் அசைக்கும் 'ஷிஃப்ட் கை' என்ற நெம்புகோலை வெறும் கையால் அசைத்தேன், மைத்துனன் புரொப்பல்லரை மெல்லச் சுற்றினான். என்ஜின் நின்றிருக்கும்போது புரொப்பல்லரைச் சுற்றாமல் கியரை அழுத்தித் தள்ளக்கூடாது, ஏதாவது வளைந்துவிடும். நியூட்ரலில் தாராளமாகச் சுற்றியது, ரிவர்ஸில் பூட்டிக்கொண்டது. வெண்ணெய் மாதிரி. ஆனால் ஸ்டியரிங் அருகிலிருக்கும் லீவரை ஆட்டினால் கேபிளின் முனை தயங்கித் தயங்கி வந்தது. லீவர் இருக்கும் கன்ட்ரோல் பாக்ஸிலிருந்தும் கேபிளைப் பிரித்துப் பார்த்தோம். பாக்ஸ் சரி, கேபிள்தான் இறுக்கம்.

காரணகர்த்தா நானேதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒயர்களை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று பேட்டரி ஒயரோடு சேர்த்து அந்தக் கேபிளையும் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தேன். வளைய வேண்டிய இடத்தில் மடங்கியிருந்தது. என்ஜின் முனையில் மேலுறை வெடித்து உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. உடனே மாற்றாமல் எண்ணெய் அடித்து ஓட்டியது அடுத்த முட்டாள்தனம். இரண்டே வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

புதுக் கேபிள் போடுவது சுலபம், அளவு சரிசெய்வதுதான் வேலை. லீவரும் என்ஜினும் நியூட்ரலில் இருக்க, ஷிஃப்ட் கையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தின் நட்டநடுவில் கேபிள் முனை இழுபடாமல் போய் உட்காரும்படி கேபிள் முனையிலுள்ள பித்தளை உருளையைத் திருகி வைக்க வேண்டும். நான் முதல் தடவை இரண்டு சுற்று அதிகம் திருகிவிட்டேன். முன்கியர் ஜம்மென்று விழுந்தது, ரிவர்ஸ் அரைகுறையாகக் கடித்து நின்றது. இப்படி விட்டால் பழைய கேபிளைவிட மோசம்.

ஏன் மோசம் என்பதற்கு உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும். என்ஜின் ஓடும்போது கீழே முன்கியர், ரிவர்ஸ் கியர் இரண்டுமே எதிரெதிர்த் திசையில் சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நடுவில் புரொப்பல்லர் தண்டின் மேல் நகரும் ஒரு உலோக வளையம், டாக் கிளட்ச் என்பார்கள். அதன் இரு முகத்திலும் கட்டைகட்டையாகப் பற்கள். லீவரைத் தள்ளினால் அது ஒரு கியரோடு போய்க் கோத்துக்கொள்ளும். காரில் இருப்பது போல உராய்ந்து வேகத்தைச் சமன்படுத்தும் கிளட்ச் இங்கே இல்லை. மெதுவாகத் தள்ளினால் பல்லும் பல்லும் ஒன்றையொன்று தட்டித் தட்டி 'கர்ர்ர்' என்று கத்தும், ஒவ்வொரு தட்டிலும் விளிம்பு மழுங்கும். மழுங்கிய பல் சுமை ஏறினால் நழுவிவிடும்.

நானோ நான்கு வருடமாக, பாவம் என்ஜின் என்று பூப்போல லீவரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னக் கர்ர்ர் சத்தம் என் மென்மைக்குச் சான்று என்று வேறு நினைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஐடில் வேகத்தில் (த்ராட்டில் கொடுக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்), தயங்காமல், ஒரே தள்ளு. 'டக்' என்ற சத்தம் வரும், வரட்டும். குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஆயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் ஓடும். அது 750க்கு இறங்கும் வரை கியரைத் தொடுவதில்லை. கட்டுக்கயிற்றை அவிழ்க்கும் முன்பே ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால் போட்டு, திரும்பிப் பார்த்துத் தண்ணீர் கலங்குகிறதா என்று உறுதி செய்கிறேன். திரும்பி வரும்போது ஜெட்டிக்கு ஐந்தாறு படகு நீளம் இருக்கையிலேயே ரிவர்ஸைச் சோதித்துவிடுவேன். விழாவிட்டால் விலகிப் போக இடம் இருக்கும்.

கேபிள் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. ஜெல்கோட்டில் புதுக் காயம் எதுவும் இல்லை. ஆனால் ரிவர்ஸில் த்ராட்டிலைக் கூட்டினால் எப்போதாவது ஒரு உதறல் தெரிகிறது, விழுந்த கியர் துள்ளி வெளியே வரப் பார்க்கிறது. கேபிள் அளவை இரண்டு முறை சரிபார்த்தாயிற்று, அதில் குறையில்லை. அந்த நான்கு வருடப் பூப்போன்ற தள்ளலின் கணக்கு அது. படகைக் கரையேற்றும்போது கியர்கள் இருக்கும் கீழ்ப்பெட்டியைப் பிரித்து டாக் கிளட்சையும் ரிவர்ஸ் கியரையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் தேய்ந்தது புதியதையும் கடித்துவிடும். அதுவரை ரிவர்ஸில் த்ராட்டிலைக் கால்வாசிக்கு மேல் கூட்டுவதில்லை.