தியோமானா, சிப்பாடானா? குளுவாங்கிலிருந்து டைவிங் கிளம்புபவர்களுக்கு

நம்ம குளுவாங் தோட்டத்துப் பிள்ளைகள் ஸ்கூபா டைவிங் பற்றி விசாரிக்கிறார்கள், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் எல்லாருக்கும் முதலிலேயே சபாவில் இருக்கிற சிப்பாடான் தீவு வேண்டுமாம். என்னைக் கேட்டால் முதலில் நம்ம கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கிற தியோமான் தீவுதான்.

மெர்சிங் வரை செம்பனைக்கு நடுவே ஓடும் சாலை, அப்புறம் ஃபெர்ரி, அவ்வளவுதான். மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது, கடல் ஏற்றம் பார்த்துத்தான் ஃபெர்ரி எடுப்பார்கள், அதனால் நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிப்பாடானுக்கு தாவாவ் வரை விமானம், செம்பொர்ணாவுக்கு வேன், அப்புறம் படகு. தீவிலேயே தங்கவும் முடியாது, 2004 கடைசியோடு அங்கிருந்த ரிசார்ட்டுகளை எடுத்துவிட்டார்கள். பக்கத்துத் தீவான மாபுலிலோ செம்பொர்ணாவிலோ தங்கித்தான் போக வேண்டும், அதுவும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று பெர்மிட் கணக்கு உண்டு.

கடலை மட்டும் பார்த்தால் சிப்பாடானுக்கு ஈடே கிடையாது. கடலடியிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் எழும்பி நிற்கிற தீவு அது, கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பவளச் சுவர் செங்குத்தாக இறங்கிவிடும். சீலா மீன்கள் நூற்றுக்கணக்கில் சூறாவளி மாதிரி சுற்றும். தலை புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாக வந்து பவளத்தைக் கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் நன்றாகவே கேட்கும். ஆனால் நீரோட்டம் பலமாக இருக்கும், காலுக்குக் கீழே தரையும் தெரியாது. மிதப்பைச் சரியாகப் பிடிக்க, அதாவது மூழ்காமலும் மேலெழும்பாமலும் ஒரே ஆழத்தில் நிற்கத் தெரியாதவர் தன்னை அறியாமல் கீழே போய்க்கொண்டே இருப்பார், கண்ணெல்லாம் ஆழமானியில்தான் இருக்கும், மீனை எங்கே பார்ப்பது?

தியோமானை ஒட்டியிருக்கிற குட்டித் தீவான ரெங்கிஸைச் சுற்றி ஆழம் குறைவு. புதிதாகக் கற்றவர்கள் வாங்குகிற ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை, அங்கே அதுவே தாராளம். துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் பாறையோரம் திரும்பித் திரும்பி வரும், அழுங்காமை கடற்பஞ்சைக் கடித்து இழுப்பதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம், தொடாமல் இருந்தால் அது தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். மிதப்பு கைவந்தபின் தியோமானின் மற்ற டைவ் இடங்களான செபே, டைகர் ரீஃப் பக்கம் போங்கள்.

ஒன்று, நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை, தீபாவளி தள்ளி வருகிற வருஷங்களில் அந்த விடுமுறைக்குத் தியோமானை நம்ப வேண்டாம். மற்ற மாதங்களில் காலையில் ஒரு டைவ் போட்டுவிட்டு மத்தியானம் ஃபெர்ரி ஏறிவிடலாம். சிப்பாடான் போனால், டைவில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விட வேண்டும், அந்த ஒரு நாள் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.