பிக்கப் செல்ஃப் எடுக்காதபோது: தள்ளுவதா, கேபிளா, பெட்டியா?

காங்கயம் பக்கத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் சென்ற மார்கழியில் விடியற்காலம் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். களத்தில் வெளிச்சம் போதாததால் பிக்கப்பின் முகப்பு விளக்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியவிட்டிருந்தோம். பெருந்துறை ஏலத்துக்குக் கிளம்பச் சாவியைத் திருப்பியபோது ‘டக்’ என்ற ஒலி மட்டும் வந்தது; எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை. சூழ நின்றவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒருவர் தள்ளலாம் என்றார். இன்னொருவர் டிராக்டர் பேட்டரியைக் கழற்றி மாட்டலாம் என்றார். சாலையில் போய்க்கொண்டிருந்த லாரியின் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவந்து, “வயர் இருந்தாக் கொண்டாங்க தம்பி, நம்ம வண்டியில இருந்தே எடுத்துக்கலாமுங்க” என்றார். அத்தனை பேரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அவற்றுள் ஒன்று என் வண்டியின் மின்னணுக் கருவிகளை முழுமையாக எரித்திருக்கக்கூடியது. அன்று முதல் இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்து எடைபோட்டதன் விளைவே இந்த அலசல்.

எந்த வழியில் இறங்குவதற்கு முன்பும் பேட்டரி உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். முழுதாக ஏறிய 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது மீட்டரில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் அதில் கால்வாசிச் சக்திகூட மிச்சமிருக்காது. 12.5 காட்டியும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறதா, எர்த் வயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை. பேட்டரி உப்பியிருந்தாலோ, பெட்டி விரிசல் விட்டிருந்தாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ, கீழே சொல்லும் எந்த வழியையும் முயலவே கூடாது. மெக்கானிக்கை அழைப்பது ஒன்றே வழி.

முதலில் தள்ளுதலை எடுத்துக்கொள்வோம். செலவில்லாதது, கருவி வேண்டாதது என்பதால் நம் ஊர்களில் இதுவே முதலில் நினைவுக்கு வருகிறது. இயந்திரப் பம்பில் டீசல் பாய்ந்த பழைய எஞ்சின்கள், உருளும் வேகம் கிடைத்தாலே பிடித்துக்கொண்டன. இன்றைய காமன் ரெயில் எஞ்சினிலோ, டீசலை எப்போது, எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை ஒரு கணினிப் பெட்டி முடிவுசெய்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் அதைச் சார்ந்த உணரிகளும் பெருகிவிட்டன. பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் அந்தப் பெட்டியே விழிக்காது; எத்தனை பேர் தள்ளினாலும் எஞ்சின் பிடிக்காது. அதைவிடக் கவலை தருவது பாதுகாப்பு. எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டருக்குத் துணை கிடைக்காது, பவர் ஸ்டியரிங் கல்லாய் இறுகிவிடும். ஒன்றரை டன் மூட்டையோடு சரிவில் உருளவிட்ட பிக்கப்பை அந்த நிலையில் நிறுத்துவது எளிதன்று. ஆகவே சமதரையில், காலி வண்டியில், பழைய எஞ்சினுக்கு மட்டும் இதை ஒப்புக்கொள்ளலாம்.

பேட்டரியை மாற்றி மாட்டும் வழியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நல்ல பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் ஓடும்போதே அதைக் கழற்றிப் பழையதை மாட்டும் வழக்கம் பட்டறைகளிலும் தோட்டங்களிலும் இன்றும் இருக்கிறது. ஓடும் எஞ்சினில் பேட்டரியைப் பிரித்த நொடியில், டைனமோ தரும் மின்சாரத்தைத் தாங்கிக்கொள்ள இடமின்றி மின்னழுத்தம் ஐம்பது வோல்ட்டையும் தாண்டித் துள்ளக்கூடும். விளக்கும் ஹாரனும் மட்டுமே இருந்த காலத்து வண்டிக்கு அது பெரிய கேடில்லாமல் போயிருக்கலாம். கணினிப் பெட்டி உள்ள வண்டிக்கு அது ஆகாது.

ஓடும் வண்டியின் பேட்டரியை இறங்கிய பேட்டரியோடு இணைக்கும் ஜம்பர் கேபிள்தான் பெரும்பாலோருக்கு ஏற்ற வழி என்பது என் முடிவு. ஆனால் அதில் மூன்று செய்திகளைச் சரியாக அறிந்திருக்க வேண்டும்: வயரின் தடிமன், மாட்டும் வரிசை, எந்த வண்டியிலிருந்து எடுக்கிறோம் என்பது.

தோட்டத்தில் எப்போதும் கிடைப்பது போர்வெல் மோட்டாருக்கு வாங்கி மிஞ்சிய வயர். அதைக் கொண்டு ஜம்ப் செய்ய முயன்று, வயர் சூடானதே தவிர வண்டி கிளம்பவில்லை என்று சொன்னவர்கள் பலர். கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். டீசல் பிக்கப்பின் செல்ஃப் மோட்டார் சுற்றத் தொடங்கும்போது 300 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், போக வர ஆறு மீட்டருக்கு, ஐந்து வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். 25 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே இழப்பு ஒன்றேகால் வோல்ட் அளவில் நின்றுவிடும். கடையில் வாங்கும்போது ரப்பர் உறையின் பருமனைப் பார்த்து ஏமாறாமல், உள்ளே இருப்பது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வரிசை வருமாறு. இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். நியூட்ரலில், கை பிரேக் போட்டு, சாவி அணைத்திருக்க வேண்டும். சிவப்புக் கவ்வியை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ் முனையிலும், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ் முனையிலும் மாட்ட வேண்டும். பிறகு கருப்பை நல்ல பேட்டரியின் மைனஸ் முனையில் மாட்டி, கடைசிக் கவ்வியை இறங்கிய வண்டியின் எஞ்சினில், பெயின்ட் படாத உறுதியான இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்ட வேண்டும். இந்தக் கடைசி இடத்தில்தான் பலர் அவசரப்பட்டுப் பேட்டரியின் மைனஸிலேயே கவ்வியை வைத்துவிடுகிறார்கள். லீட் ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். காற்றில் அது 4 விழுக்காடு கலந்திருந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடும். சுற்று முழுமையடையும் கடைசித் தொடுதலில்தான் பொறி பறக்கும் என்பதால், அந்தப் பொறி பேட்டரிக்கு அருகில் விழாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பேட்டரி வெடித்தால் முகத்தில் தெறிப்பது கந்தக அமிலம். கண்ணாடி அணிவதையும், கை மோதிரத்தைக் கழற்றுவதையும், ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதையும் யாரும் மிகையாகக் கருத வேண்டாம். நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, இறங்கிய வண்டியில் பத்து நொடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடிக்க வேண்டும். எஞ்சின் பிடித்ததும், மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்ற வேண்டும்.

இனி, எந்த வண்டியிலிருந்து எடுப்பது என்ற கேள்வி. நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரிக்கும் போர்வெல் ரிக்குக்கும் பெயர்போன ஊர்கள். நம் சாலைகளில் கைகாட்டினால் முதலில் நிற்பது லாரியாகவே இருக்கும். கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக்கியிருப்பார்கள். அதை நேராகப் பிக்கப்பில் மாட்டினால், 12 வோல்ட்டுக்கென்று செய்த கணினிப் பெட்டி, டைனமோ, விளக்குகள் அனைத்தும் இரட்டை அழுத்தத்தைத் தாங்க வேண்டிவரும். ‘இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்கலாமே’ என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. தவறான பேட்டரியைத் தேர்ந்துவிட்டால், பிக்கப்பின் பாடி லாரியின் பாடியைவிட 12 வோல்ட் மேலே நிற்கும். இரண்டும் உரசினாலே ஷார்ட் ஆகிவிடும். இருட்டில், அவசரத்தில் செய்யும் வேலை அன்று அது. டிராக்டர் 12 வோல்ட்டில் இயங்குவது. டீசல் எஞ்சினைச் சுழற்றும் பெரிய பேட்டரியும் உடையது. அன்று லாரி ஓட்டுநருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டுப் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரை அழைத்தோம்; முதல் முயற்சியிலேயே வண்டி கிளம்பியது.

உள்ளேயே பேட்டரி உள்ள கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டி கேபிளைவிட விலை கூடியது. அதற்கு இன்னொரு வண்டி தேவையில்லை என்பதே அதன் முழுச் சிறப்பு. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில், வனத்துக்குள், யாரை அழைத்து நிறுத்த முடியும்? தாளவாடிக் காய்கறி ஏற்றித் தனியே இறங்குபவருக்கு நான் கேபிளைப் பரிந்துரைக்கமாட்டேன், பெட்டியைத்தான் சொல்வேன். கவ்வியைத் தலைகீழாக மாட்டினால் மின்சாரத்தைத் தடுக்கும் காப்பும் நல்ல பெட்டிகளில் உண்டு. ஆனால் பெட்ரோல் காருக்கென்று விற்கும் சிறிய பெட்டி டீசல் பிக்கப்புக்குப் போதாது. டீசல் எஞ்சின் எவ்வளவு சிசி வரை என்று உறையில் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய கேபினுக்குள் கிடந்தால் லித்தியம் பேட்டரி கெடும் என்பதால், வண்டியை நிறுத்தும்போது வீட்டுக்குள் எடுத்துவைக்கும் பழக்கமும் வேண்டும். அந்தப் பழக்கம் கைவராதவருக்கு, களத்திலும் தோட்டத்திலும் டிராக்டர் எட்டும் தூரத்தில் இருப்பவருக்கு, தடித்த கேபிளே போதும்.

எந்த வழியில் கிளப்பினாலும், எஞ்சினை உடனே அணைக்காமல் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். அதனால் பேட்டரி முழுதாக நிரம்பிவிடாது, அடுத்த முறை செல்ஃப் அடிக்கும் அளவுக்கே தேறும். ஓடும்போது டெர்மினல்களில் மீட்டரை வைத்தால் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 13க்குக் கீழே நின்றால் பழுது டைனமோவிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கிறது. புதுப் பேட்டரி வாங்கினாலும் அது இறங்கத்தான் செய்யும். என் வண்டியில் அன்று 14.1 காட்டியதால் நேராகப் பெருந்துறைக்குப் போய் மூட்டைகளை இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் கடையில் பேட்டரிக்கு முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டேன்.