பாரம்பரிய விதைப் பெட்டி: பெட்டி சுமார், பீன்ஸ் அபாரம்

"தலைமுறைகளுக்கு ஒரு பொக்கிஷம்" என்று விளம்பரம் செய்து ஆன்லைனில் விற்கிற விதைப் பெட்டி இது. மெருகேற்றிய மரப்பெட்டி, மூடியில் நாம் சொல்கிற பெயரைப் பொறித்துத் தருகிறார்கள். உள்ளே தக்காளியில் இரண்டு ரகம், பூசணியில் இரண்டு, பீன்ஸ், லெட்யூஸ், வெங்காயம், கூடவே ஒரு குறிப்பேடு. விற்பவர் பெயரைப் போடப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டியைப் பலர் விற்கிறார்கள், நான் இங்கே கேட்கிற கேள்விகளை எல்லாரிடமும் கேட்கலாம். ஒரு பருவம் முழுக்க விதைத்து, அறுவடை செய்து, விதையும் எடுத்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. பார்க்க அழகு, பரிசு கொடுக்க நன்றாக இருக்கும். ஆனால் மூடிக்கு உள்பக்கம் "உங்கள் பேரப்பிள்ளைகளுக்காக" என்று எழுதியிருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்தில் முளைப்புத்திறனை இழந்துவிடும். பீன்ஸ் மூன்று நான்கு வருடம் தாங்கும், தக்காளி உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். இதைப் பெட்டியில் பூட்டிப் பேரனிடம் கொடுத்தால் அவன் கையில் கிடைப்பது வெறும் தூசி. மோதிரம், கடிகாரம், தாத்தாவின் பேனா இவற்றையெல்லாம் அலமாரியில் வைத்து மறந்துவிட்டாலும் அதே பொருள் அப்படியே அடுத்தவர் கைக்குப் போகும். விதையில் அந்தச் சௌகரியம் கிடையாது. சில வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது மண்ணில் போட்டு, காய்க்கவிட்டு, புது விதை எடுத்தாக வேண்டும். கைமாறுவது பொருளே இல்லை, ஒரு வேலை. அதைச் சொல்லாமல் மரப்பெட்டியை முன்னால் நிறுத்தி விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உறைகளின் மேல் ரகத்தின் பெயர் இருக்கிறது, எந்த வருடம் அறுவடை செய்த விதை என்பது இல்லை. இதுதான் என் பெரிய புகார். மின்னஞ்சலில் கேட்டேன். "எங்கள் விதைகள் அனைத்தும் புதியவை" என்று மரியாதையாக ஒரு பதில் வந்தது, வருடம் மட்டும் வரவில்லை. வெங்காய விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் அசையவே இல்லை. அப்புறம் என்ன புதியது?

சரி, நல்ல விஷயத்துக்கு வருவோம். தக்காளி பிரமாதம். பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் இரண்டும் பெரிய, மெல்லிய தோல் கொண்ட பழங்கள். நீண்ட தூரம் வண்டியில் ஏற்றி அனுப்பவே முடியாது, மழை கொஞ்சம் கூடினால் காம்புப் பக்கம் வெடித்துவிடும், காய்ப்பும் தாமதம். ஹைபிரிட் செடி (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது) போல அள்ளிக் கொடுக்கும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். "பாரம்பரிய ரகம் என்பதால் நோயே வராது" என்று விளம்பரத்தில் ஒரு வரி இருக்கிறது, அதை நம்பவும் வேண்டாம். பழைய ரகம் என்பதற்காக மட்டும் எந்தச் செடிக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. பல ஹைபிரிட் ரகங்களை உருவாக்கியதே குறிப்பிட்ட சில நோய்களைத் தாங்குவதற்குத்தான். ஆனால் சுவை என்று வந்தால் இவற்றின் பக்கம்தான் என் ஓட்டு.

செரோக்கி பர்ப்பிள் உறையில் "பல நூறு ஆண்டுப் பழமை" என்று மட்டும் போட்டு முடித்துவிட்டார்கள். உண்மைக் கதை அதைவிட ருசியானது. 1990-ல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து ஒருவர், பெயரே இல்லாத ஊதா நிறத் தக்காளி விதையை ஒரு கடிதத்தோடு கிரெய்க் லெஹூலியர் என்ற தோட்டக்காரருக்கு அனுப்பினார். செரோக்கி பழங்குடியினரிடமிருந்து வந்தது என்று கடிதத்தில் இருந்த குறிப்பை வைத்து லெஹூலியர் சூட்டியதுதான் இந்தப் பெயர். பிறகு அவர் விதையை மற்றவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் பகிர்ந்ததால்தான் இன்று என் தொட்டி வரைக்கும் வந்திருக்கிறது. அந்தக் கடிதம் தபாலில் தொலைந்திருந்தால் கதையே வேறு. பெட்டியில் இருக்கிற ஹப்பார்டு பூசணியும் அப்படித்தான், விதை கொடுத்த எலிசபெத் ஹப்பார்டு என்ற பெண்மணியின் பெயர்தான் அது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மார்பிள்ஹெட் ஊரைச் சேர்ந்த கிரெகரி என்ற விதை வியாபாரி அதை ஊரறியச் செய்தார். இதை நாலு வரியில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் பெட்டியின் மெருகைவிட நூறு மடங்கு மதிப்பு.

பூசணியில்தான் அடி வாங்கினேன். ஹப்பார்டு என்றால் சொரசொரப்பான, சாம்பல் நீலத் தோல். ஒரு கொடியில் மட்டும் வழவழப்பான, ஆரஞ்சு நிறத் தட்டைக் காய்கள் வந்தன. இது என் தோட்டத்தில் நடந்த கலப்பு இல்லை, ஏனென்றால் இந்த வருடம் நடக்கிற கலப்பு அடுத்த வருட விதையில்தான் தெரியும். விதை உற்பத்தி செய்தவரின் நிலத்துக்குப் பக்கத்தில் அதே இனத்தின் வேறு ரகம் இருந்திருக்கிறது, தேனீ தன் வேலையைச் செய்துவிட்டது. பூசணியை ரகம் மாறாமல் காப்பாற்ற வேண்டுமானால் நல்ல தூரம் விட வேண்டும், இல்லாவிட்டால் பூ விரியுமுன் கட்டிவைத்துக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் யோசித்துச் செய்திருக்கிறார்கள்: இன்னொரு பூசணியான பட்டர்நட் வேறு இனம், ஹப்பார்டுடன் எளிதில் கலக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைரியமாகப் போடலாம்.

பீன்ஸுக்கு இந்தக் கவலையே கிடையாது. பூ விரிவதற்குள் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். சில காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டேன், அவை காய்ந்து, அசைத்தால் கலகலவென்று சத்தம் கேட்கிற பதத்தில் உரித்து எடுத்தேன். பழுப்பில் கருஞ்சிவப்புக் கோடு போட்ட விதை, வாங்கிய விதைக்கும் எடுத்த விதைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. உறையில் வந்தது ஒரு பிடிகூட இல்லை, திரும்பக் கிடைத்தது ஒரு ஜாடி.

குறிப்பேட்டில் தக்காளி விதை எடுக்கும் முறை தெளிவாக இருக்கிறது. சதையோடு பிழிந்து கொஞ்சம் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் மேலே வெண்மையாகப் பூஞ்சை படரும், நாற்றமும் அடிக்கும். அலசினால் விதையைச் சுற்றியிருந்த வழவழப்பு போய்விடும். பீங்கான் தட்டில் காயவையுங்கள், காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஆனால் பிராண்டிவைன் போன்ற, உருளைக்கிழங்குச் செடி மாதிரி இலையுள்ள தக்காளிகளில் சூல்முடி, அதாவது பூவில் மகரந்தத்தை ஏற்கிற நுனி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்துச் செடியோடு கலக்க வாய்ப்பு அதிகம் என்பதைக் குறிப்பிடவில்லை. பெட்டியிலேயே இரண்டு தக்காளி வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு பூங்கொத்துக்கு மெல்லிய துணிப்பை கட்டினால் போதும்.

அதே குறிப்பேட்டில் ஸ்வால்பார்டு விதைக் கிடங்கின் படம் ஒன்று, "உலகமே பாதுகாக்கும் செல்வம்" என்ற வரியோடு. உலகின் பல விதை வங்கிகள் தங்கள் விதைகளின் பிரதியைப் பாதுகாப்புக்காகக் கொடுத்துவைக்க, நார்வேயின் வடகோடித் தீவு ஒன்றில் 2008-ல் திறந்த கிடங்கு அது. அங்கிருந்து முதன்முதலாக 2015-ல் விதையை வெளியே எடுத்தார்கள். சிரியப் போரால் அலெப்போவிலிருந்த சேகரிப்பை இழந்த இகார்டா என்ற வறண்ட நில வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், தான் அங்கே கொடுத்துவைத்திருந்ததைத் திரும்ப வாங்கியது. வாங்கி வேறொரு பெட்டியிலா வைத்தது? லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-ல் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தது. படத்தோடு இந்தக் கதையையும் போட்டிருந்தால் மூடியில் இருக்கிற வாசகத்தை அவர்களே மாற்றியிருப்பார்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. மரப்பெட்டி இல்லாமல் உறைகளைத் தனியாகவும் விற்கிறார்கள், அதுவே போதும். பீன்ஸும் தக்காளியும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், லெட்யூஸ் பரவாயில்லை. வெங்காயம் வாங்குவதாக இருந்தால் அறுவடை வருடத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வந்தவுடன் விதைத்துவிடுங்கள். அதில் விதை எடுக்க இரண்டாம் வருடம் வரை காத்திருக்க வேண்டும், எல்லா வெங்காயத்தையும் சமையலுக்கு எடுத்துவிடாதீர்கள்.