கத்தரியா ரோட்டரி கட்டரா, பின்னா கிளிப்பா: வீட்டுத் தையலில் எதற்கு எது?

தைத்த உடுப்பு சரியாக உட்காராவிட்டால் முதலில் மெஷின் மேல்தான் பழி விழும். பெரும்பாலும் அது அநியாயம். வெட்டும்போது நழுவிய 3 மி.மீ., தடித்த சாக் கோட்டில் போன 2 மி.மீ., பின் (குண்டூசி) குத்தும்போது இழுபட்ட ஓரம், இவையெல்லாம் சேர்ந்துதான் கடைசியில் தோளிலும் கைக்குழியிலும் வந்து நிற்கின்றன. ஒரு மேல்சட்டையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்துப் பக்க ஓரங்கள் 4. ஓரத்துக்கு 3 மி.மீ. குறைந்தாலே சுற்றளவில் 12 மி.மீ. போய்விடும். கோணலாகப் போன தையலைப் பிரித்துத் தைக்கலாம். குறைத்து வெட்டிய துணியை வளர்க்க முடியாது. அதனால்தான் இங்கே மெஷினுக்கு முன்னால் வரும் கருவிகளுக்கு அதிக இடம்.

வெட்ட: கத்தரியா, ரோட்டரி கட்டரா?

வீட்டுக்கு 8 அங்குலத் துணிக் கத்தரி போதும். பிடி மேல்நோக்கி வளைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். அப்போதுதான் கீழ் அலகு மேஜையில் படுத்தபடி நகரும், துணி தூக்கப்படாது. நேர்ப்பிடிக் கத்தரி ஒவ்வொரு வெட்டுக்கும் துணியைத் தூக்கும்; தூக்கியதும் கீழ் மடிப்பு நழுவும்; விரித்துப் பார்த்தால் இடது பாதியும் வலது பாதியும் ஒரே அளவில் இருக்காது. வெட்டும்போது அலகை முனைவரை மூடாமல், முக்கால் பங்கு மூடியதும் முன்னே தள்ளித் திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முனைவரை மூடினால் ஓரம் படிக்கட்டு போல் வெட்டுப்படும். முனை வேலைக்கு வருவது கழுத்துச் சந்திலும், அடையாளத்துக்கு 'கட்' கொடுக்கும் இடத்திலும் மட்டும்.

ரோட்டரி கட்டரில், அதாவது உருளும் வட்டப் பிளேடு கொண்ட வெட்டுக்கருவியில், துணி மேஜையை விட்டு எழும்பவே எழும்பாது. சாட்டின், ஷிஃபான், பனியன் துணி என்று கையில் நிற்காத எல்லாவற்றிலும் அதற்கு ஈடில்லை. நேர்க்கோட்டுக்கு 45 மி.மீ. பிளேடு, கழுத்து, கைக்குழி வளைவுக்கு 28 மி.மீ. பெரிய பிளேடு வளைவில் திரும்பாமல் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். உள்மூலைகளில் 1 செ.மீ. முன்பே நிறுத்தி, மீதியைக் கத்தரி முனையால் முடிக்க வேண்டும். வட்டப் பிளேடு மூலையைத் தொடும்போது அதன் முன்பகுதி ஏற்கெனவே மூலைக்கு அப்பால் வெட்டியிருக்கும்.

கட்டர் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் புகார், இடையிடையே சில இழைகள் வெட்டுப்படாமல் நிற்பது. ஒரு வெட்டுப்படாத இடத்திலிருந்து அடுத்ததற்கு டேப் வைத்து அளந்து பாருங்கள். 45 மி.மீ. பிளேடில் அது சுமார் 14 செ.மீ., 28 மி.மீ. பிளேடில் சுமார் 9 செ.மீ. என்று மாறாமல் வந்தால், பிளேடில் ஒரு இடத்தில் பல் விழுந்திருக்கிறது. பிளேடு ஒரு சுற்று சுற்றி வரும் தூரம் அது. மாற்றியே ஆக வேண்டும். இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால் கோளாறு பிளேடில் இல்லை: அடியில் விரிக்கும் மேட்டில் (வெட்டுப் பாயில்) பழைய பள்ளம் இருக்கலாம், அல்லது கையழுத்தம் ஒரே சீராக இல்லை. பல் விழுவதற்கு முக்கியக் காரணம் பின் மேல் ஏற்றுவது. கட்டரோடு பின் வேண்டாம், பேட்டர்ன் (அளவுக்கு வெட்டிய காகித வடிவம்) மேல் கனமான எடைகளை வையுங்கள். கழற்றிய பிளேடைத் தனியே வைத்துக்கொண்டால் பேட்டர்ன் பேப்பர் வெட்ட ஆகும். கை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பு மூடியைத் தள்ளி மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பிளேடு தோலைத் தொட்டதே முதலில் தெரியாது.

கட்டருக்கு ஒரு நிபந்தனை உண்டு. மேட் குறைந்தது 60 × 90 செ.மீ. இருக்க வேண்டும். சிறிய மேட்டில் பேன்ட் காலை வெட்டப் போனால் நடுவில் துணியை நகர்த்த வேண்டிவரும். நகர்த்திய கணமே கட்டரின் லாபம் போய்விட்டது. மேட்டைச் சுருட்டாமல் படுக்கையாக வைக்க வேண்டும். வெயிலிலோ இஸ்திரிப்பெட்டிக்கு அடியிலோ வைத்தால் வளைந்துவிடும், திரும்ப நிமிராது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கத்தரியையே வாங்குங்கள். ஆனால் அதில் பேப்பர் வெட்டவே கூடாது. பேப்பரில் கலந்திருக்கும் தாதுத் துகள்கள் அலகின் கூர்மையைத் தேய்த்துவிடும். மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து அலகின் முனையால் வெட்டிப் பாருங்கள். துணி வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே மடங்கினால், சாணை பிடிக்கக் கொடுக்கும் முன் நடு ஸ்க்ரூவைச் சற்று இறுக்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

குறி போட: சாக், பேனா, நூல்

சாக்கின் குறை அதன் தடிமன். மழுங்கிய சாக் 2 மி.மீ. கோடு போடும், கோட்டின் உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகத்திலேயே அளவு போய்விடும். பழைய பிளேடால் ஓரத்தைச் சீவிக்கொண்டே போட வேண்டும். மெழுகு சாக் கம்பளித் துணிக்கு நல்லது. பட்டிலும் சின்தெடிக்கிலும் இஸ்திரி பட்டதும் எண்ணெய்க் கறை போல் தங்கிவிடும்.

நீல நிறத் தண்ணீர்ப் பேனா பருத்திக்கு அருமையானது. ஆனால் அலசுவதற்கு முன்னால் சூடு படக் கூடாது. இஸ்திரி போட்டால் அந்த நீலம் பழுப்புக் கறையாக நிலைத்துவிடும். வெறும் குளிர்ந்த தண்ணீரில் முழுதாக அலசி, காய்ந்து, கோடு திரும்ப வரவில்லை என்று பார்த்த பிறகே இஸ்திரி.

சூட்டில் மறையும் பேனாவுக்கு இதற்கு நேர்மாறான சங்கடம். 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கோடு மறையும். ஒரு பக்க டாட்டை (உடம்பு வளைவுக்காகத் தைக்கும் கூம்பு மடிப்பு) தைத்து இஸ்திரி போட்டால், நீராவி பட்டு மறுபக்கக் கோடும் சேர்ந்து காணாமல் போகும். அடர் நிறத் துணிகளில் வெளுத்த தடம் தங்கிவிடுவதும் உண்டு. உறைகுளிரில், அதாவது மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே, மறைந்த கோடு திரும்பத் தெரியலாம். அதனால் இந்தப் பேனா தையலுக்கு விட்ட துணிக்குள்ளேயும் உள்பக்கத்திலும் மட்டும். தானாக மறையும் ஊதாப் பேனா, அன்றே வெட்டி அன்றே தைக்கிறவர்களுக்கு. காற்றில் ஈரப்பதம் அதிகமிருந்தால் சாயங்காலத்துக்குள்ளேயே கோடு இருக்காது.

டாட் முனை, பாக்கெட் இடம் போன்ற புள்ளிகளுக்கு எல்லாப் பேனாவையும் விட நூல் அடையாளமே மேல், அதிலும் பட்டு, வெல்வெட், கம்பளி என்றால். முடிச்சுப் போடாத இரட்டை நூலை ஊசியில் கோத்து, இரண்டு மடிப்பையும் சேர்த்து ஒரே ஒரு தையல் போட்டு, அதே இடத்தில் இன்னொன்று போட்டுக் கண்ணியைத் தளர்வாக விடுங்கள். இரு நுனியிலும் 2 செ.மீ. நூல் இருக்கட்டும். மடிப்புகளை மெல்ல 1 செ.மீ. பிரித்து, நடுவில் தெரியும் நூலை வெட்டினால் இரண்டு துண்டிலும் துல்லியமாக ஒரே இடத்தில் குறி நிற்கும். புள்ளிக்கு அரை நிமிடம் பிடிக்கும், கறை என்ற பயமே இல்லை.

எந்தப் பேனாவானாலும் முதலில் அதே துணியின் வெட்டுத்துண்டில் கோடு போட்டு, அலசி, இஸ்திரி போட்டுப் பாருங்கள்.

பிடித்து வைக்க: பின், கிளிப், நூலோட்டம்

நேர்த்தையலுக்கு ஏற்றது பின்: 8 முதல் 10 செ.மீ.க்கு ஒன்று, தையல் கோட்டுக்குக் குறுக்காக, தலை வெளிப்பக்கம். வளைவில் 2 முதல் 3 செ.மீ. மெல்லிய துணிக்கு 0.5 மி.மீ. பருமனுள்ள பின் எடுங்கள், தடித்த பின் துளையும் சுருக்கமும் விடும். தலை கண்ணாடியாக இருந்தால் இஸ்திரி பட்டாலும் உருகாது. பின் மேல் மெஷினை ஓட்டாதீர்கள். ஊசி பின்னில் மோதினால் ஊசி உடைவது சின்ன நஷ்டம்தான். ஹூக்கில் (கீழே சுழன்று நூலைப் பிடிக்கும் பாகம்) கீறல் விழுந்தால் அதன்பின் நூல் அங்கே சிக்கிச் சிக்கி அறுந்துகொண்டே இருக்கும்.

லெதர், ரெக்ஸின், பூச்சுள்ள மழைத்துணி இவற்றில் பின் துளை மூடாது, கிளிப் மட்டுமே. தடித்த நான்கு மடிப்புக்கும் கிளிப்தான். ஆனால் கிளிப்புக்கு ஓரம் வேண்டும். துணியின் நடுவில் டாட் பிடிக்க அதனால் ஆகாது. மெல்லிய துணியில் அதன் கனமே ஓரத்தைக் கீழே இழுத்துவிடும்.

கை பொருத்தும்போது இரண்டையும் விட்டுவிட்டு நூலோட்டிவிடுங்கள். கையின் மேல்வளைவு கைக்குழியை விடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் பரப்பிவைக்கப் பின்களால் முடியாது. இரண்டு பின்களுக்கு நடுவில் அது ஒன்றுதிரண்டு மடிப்பாகிவிடும். 1 செ.மீ. இடைவெளியில் கைத்தையல் ஓட்டி, ஒருமுறை போட்டுப் பார்த்து, பிறகு மெஷினில் தைத்தால் 10 நிமிடம் கூடுதல். தப்பாகத் தைத்த கையைப் பிரிக்க அதைவிட அதிக நேரம் ஆகும், துணியும் தளர்ந்துவிடும்.

ஊசி: எண்ணை விட முனை முக்கியம்

ஊசி எண் 80/12 என்றிருந்தால், 80 என்பது 0.80 மி.மீ. பருமன். பக்கத்தில் இருக்கும் 12 அதே அளவின் இன்னொரு கணக்கு. மெல்லியதற்கு 60/8, 70/10, சாதாரணப் பருத்திக்கு 80/12, தடித்ததற்கு 90/14, டெனிமுக்கு 100/16. இதைப் பலரும் பார்ப்பார்கள், முனை வகையைப் பார்க்க மாட்டார்கள்.

பனியன் துணியில் தையல் விட்டுவிட்டு விழுந்தால் உடனே டென்ஷனை (நூல் இறுக்கத்தை) திருகுவது வழக்கம். கோளாறு அங்கே இல்லை. சாதாரண ஊசி ஏறி இறங்கும்போது இழுவைத் துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பும். ஊசிக்குப் பின்னால் நூல் கண்ணி சரியாக உருவாகாது. ஹூக் வந்து பிடிக்க அங்கே எதுவும் இருக்காது. அதுதான் விட்டுப்போன தையல். உருண்டை முனையுள்ள ஜெர்சி ஊசி இழைகளைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போகும். லைக்ரா கலந்த துணிக்கு ஸ்ட்ரெச் ஊசி. கண்ணி நன்றாக உருவாகும்படியே அதன் கண்ணும் பின்பக்கக் குழிவும் அமைந்திருக்கும். ஷிஃபான், சாட்டினுக்கு இதற்கு எதிர்: கூரான மைக்ரோடெக்ஸ் ஊசி, 60 அல்லது 70. மழுங்கிய ஊசி அதில் ஓடினால் தையலிலிருந்து பக்கவாட்டில் இழுபட்ட கோடுகள் தெரியும், இஸ்திரியிலும் போகாது.

நூலும் ஊசியும் பொருந்துமா என்று பார்க்க, கழற்றிய ஊசியில் 30 செ.மீ. நூலைக் கோத்து, நூலை இரு கைகளிலும் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் சரி. நடுவில் நின்றால் கண் சிறியது, அடுத்த எண்ணுக்குப் போங்கள். தைக்கும்போது 'டொக் டொக்' என்று குத்தும் ஓசை கேட்டால் முனை போய்விட்டது. 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு ஊசி என்று வைத்துக்கொள்ளலாம்.

நூலில் பெரிய வாதம் தேவையில்லை: பாலியஸ்டர் எல்லாவற்றுக்கும் ஆகும், பனியன் துணிக்கு அதுதான். பருத்தி நூல் இழுபடாது, அதனால் இழுவைத் துணியில் அறுந்துவிடும். தைத்த பிறகு சாயம் போடப்போகும் பருத்தி உடுப்புக்கு மட்டும் பருத்தி நூல். பாலியஸ்டர் நூலில் பருத்திச் சாயம் ஏறாது.

ஓரம் முடிக்க: ஓவர்லாக், ஜிக்ஜாக், பிரெஞ்சு தையல்

பனியன் துணியே அதிகம் தைப்பவர் என்றால் ஓவர்லாக் மெஷின் வாங்கலாம். 4 நூல் போட்டால் தைத்தல், வெட்டுதல், ஓரம் முடித்தல் மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடியும், தையலும் துணியோடு இழுபடும். ஓரம் அலை அலையாக வந்தால் டிஃபரன்ஷியல் ஃபீடை (முன், பின் பற்கள் துணியைத் தள்ளும் அளவின் விகிதம்) 1-க்கு மேல் ஏற்றுங்கள். சுருங்கினால் 1-க்குக் கீழே இறக்குங்கள். அதன் கத்திக்கு மட்டும் பயப்பட வேண்டும். அடியில் மடங்கிக் கிடக்கும் துணியையும் சேர்த்து வெட்டிவிடும். ஜிப், காஜா, மேல்தையல் இதில் வராது. ஆகவே இதை முதல் மெஷினாக வாங்காதீர்கள்.

ஜிக்ஜாக் பல வீட்டு மெஷின்களில் இருக்கிறது. ஊசி வலப்பக்கம் வரும்போது துணியின் ஓரத்துக்கு ஒரு மயிரிழை வெளியே விழ வேண்டும். முழுதும் உள்ளே விழுந்தால் ஓரம் பிரிந்துகொண்டே இருக்கும். மெல்லிய துணி குழாய் போல் சுருண்டால் மூன்று குத்து ஜிக்ஜாக்குக்கு மாற்றுங்கள், அகலம் 5, நீளம் 1 முதல் 1.5.

மெல்லிய துணிக்குப் பிரெஞ்சு தையலின் அழகு மற்ற இரண்டிலும் வராது. தையலுக்கு 15 மி.மீ. விட்டிருந்தால்: உள்பக்கங்கள் சேர நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து 9 மி.மீ.யில் தையுங்கள், 3 மி.மீ. விட்டு நறுக்குங்கள், இஸ்திரி போட்டு, திருப்பி, நல்ல பக்கங்கள் சேர மடித்து 6 மி.மீ.யில் இரண்டாம் தையல். நறுக்குவதில் சோம்பினால் மீசை போல் இழைகள் நல்ல பக்கத்தில் எட்டிப்பார்க்கும். கைக்குழி போன்ற ஆழமான வளைவுக்கும் தடித்த துணிக்கும் இது வேண்டாம், கட்டிதட்டி நிற்கும்.

எந்த முறையானாலும் தைத்ததும் முதலில் தையலை அப்படியே படுக்கையாக இஸ்திரி போட்டு, பிறகே விரிக்க வேண்டும். பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் குறுக்கு வெட்டு ஓரங்கள் நீண்டுவிடும்.

பிரிக்க நேர்ந்தால் தையல் பிரிப்பானை மடிப்புகளுக்கு நடுவே விட்டு இழுக்காதீர்கள், துணி கிழிவது அங்கேதான். ஒரு பக்கம் நான்கைந்து தையலுக்கு ஒன்றை வெட்டி, மறுபக்கத்து நூலை இழுங்கள், முழுதாக வந்துவிடும். சிறு துண்டு நூல்களை ஒட்டும் டேப்பால் எடுத்துவிட்டு, ஊசித் துளைகள் மேல் நீராவி காட்டி, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் லேசாகத் தேய்த்தால் இழைகள் இடத்துக்குத் திரும்பும்.