பெய்ஜிங் முதல் ச்சுவான்ஜோ வரை: பத்து வருஷமாக நான் ஹோட்டல் பிடிக்கும் விதம்

திருப்பூரிலிருந்து துணி எடுக்கச் சீனா போய் வருகிறவர்களுக்குக் கெச்சியாவ் நன்றாகவே தெரிந்திருக்கும். ஹாங்ஜோவுக்குப் பக்கத்தில், ஷாவ்ஷிங் நகரத்தைச் சேர்ந்த பெரிய துணிச் சந்தை அது. 2014-லிருந்து நான் அங்கே போய் வருகிறேன். கொரோனாவுக்கு முன் ஏழு முறை, அதற்குப் பிறகு மூன்று முறை. வேலை முடிந்த கையோடு விமானம் ஏறாமல், இரண்டு மூன்று நாள் தள்ளி டிக்கெட் போட்டு ஏதாவது ஓர் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். இப்படிப் பதினைந்து பதினாறு ஹோட்டல்களில் தங்கியாயிற்று. அடுத்து போகப்போகிற நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த ஏரியாவில் ரூம் போடுவது? ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அம்மாவைக் கூட்டிப்போன கதையைச் சொல்ல வேண்டும். 2015 அக்டோபர் கடைசி. பெய்ஜிங்கில் பழைய அரண்மனையிலிருந்து 500 மீட்டர் என்று போட்டிருந்த ஒரு ஹோட்டலில் ரூம் எடுத்தேன். அவர்கள் சொன்னது பொய் இல்லை. அரண்மனையின் வடக்கு வாசலான ஷென்வூமென் உண்மையிலேயே அந்தத் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த வாசல் வெளியே வருவதற்கு மட்டும். உள்ளே போக வேண்டுமானால் தெற்கே வூமென் வாசலுக்குத்தான் போக வேண்டும். அரண்மனை வடக்கு தெற்காக 961 மீட்டர், கிழக்கு மேற்காக 753 மீட்டர். சுற்றிலும் 52 மீட்டர் அகலத்துக்கு அகழி. அந்த அகழிக் கரையோடு கிழக்குப் பக்கமாகச் சுற்றி நடந்தால் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறையும். அப்புறம் பாதுகாப்புச் சோதனை வரிசை வேறு. அம்மா பாதி வழியில் ஒரு கல் திட்டில் உட்கார்ந்துவிட்டார். "ஏங்கண்ணு, பக்கத்துலதான்னு சொன்னே, இன்னும் எத்தன தூரம் இருக்குது?" என்றார். வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோதே அவருக்கு முழங்கால் வலி. உள்ளே பாதிதான் பார்த்தோம்.

அன்றிலிருந்து மீட்டர் கணக்கை நம்புவதில்லை. எந்த வாசல் நுழைவு, எந்த வாசல் வெளியேற்றம், ஹோட்டலிலிருந்து நுழைவு வாசலுக்கு எந்த மெட்ரோ லைன் என்பதை முதலில் பார்க்கிறேன். சீனாவில் பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் பிரம்மாண்டமானவை. நம் ஊரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு என்றால் பக்கத்துத் தெருதான். அங்கே ஒரே சுவரின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் இருக்கும். ஹாங்ஜோவில் 'மேற்கு ஏரி அருகில்' என்று நூறு ஹோட்டல்கள் போட்டிருப்பார்கள். ஏரியின் குறுக்கே போகிற சூ கரை மட்டுமே ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர். லிங்யின் கோயில் பக்கம் தங்குவதும் நகரத்துப் பக்கம் லோங்ஷியாங்ச்சியாவ் மெட்ரோ பக்கம் தங்குவதும் இரண்டு வேறு ஊர்களில் தங்குவது போல. நான் எப்போதும் லோங்ஷியாங்ச்சியாவ் பக்கம்தான். கெச்சியாவிலிருந்து மெட்ரோவிலேயே வந்துவிடலாம். 2021-ல் ஷாவ்ஷிங் மெட்ரோவை ஹாங்ஜோ மெட்ரோவோடு இணைத்துவிட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கரை நடக்கிற தூரம்தான்.

இரண்டாவதாக நான் கற்றது இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். பகல் நேரத்தில் பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் ரூம் எடுக்காதீர்கள். விடிகாலையிலோ ராத்திரியிலோ பார்க்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். அரண்மனையை எப்படியும் பத்து மணிக்குப் பயணிகள் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் பார்க்கப் போகிறோம். பாஸ்போர்ட் எண் கொடுத்து ஏழு நாள் முன்னதாக இணையத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40 யுவான். திங்கட்கிழமை விடுமுறை. அதற்கு மெட்ரோவில் வந்து இறங்கினால் போதும். பெருஞ்சுவருக்கும் அப்படித்தான். அது ஊருக்கு வெளியே எழுபது கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. எங்கே தங்கினாலும் காலையில் பஸ்ஸோ ரயிலோ பிடித்தாக வேண்டும்.

ஆனால் சொர்க்கக் கோயில் பூங்காவை காலை ஏழு மணிக்குப் பார்க்க வேண்டும். 1420-ல் கட்டிய கோயில், அரண்மனை முடிந்த அதே வருஷம். நீல ஓடு வேய்ந்த மூன்றடுக்கு வட்டக் கூரையைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட கூரை வேய்ந்த நடைவழி இருக்கிறது. காலையில் அங்கே அந்த ஊர்ப் பெரியவர்கள் கூடிவிடுவார்கள். ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் எர்ஹூ என்கிற இரண்டு தந்தி வாத்திய வாசிப்பு, ஒரு பக்கம் இறகுப் பந்தைக் காலால் உதைத்து உதைத்து ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள். பந்தின் அடியில் இருக்கும் உலோக வில்லைகள் ஒவ்வொரு உதைக்கும் சில் சில் என்று சத்தம் போடும். அரண்மனையில் பாதியில் திரும்பியதற்கு மறுநாள் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அம்மாவும் பின்னல் தெரிந்தவர். ஊசியை வாங்கி இரண்டு வரிசை போட்டுக் காட்டினார். அதில் ஒரு பெண் தன் பிளாஸ்கைத் திறந்து அம்மாவின் கப்பில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஒரு சொல்கூடக் கிடையாது. முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். பெய்ஜிங் பற்றி அம்மா இன்றும் சொல்வது அந்த வெந்நீரைத்தான்.

அதனால் பெய்ஜிங்குக்கு என் பதில் இப்போது நிலையானது: தோங்தான், தெங்ஷிகோவ், தோங்ஸி. இந்த மூன்று ஸ்டேஷன்களும் ஐந்தாம் லைனில் அடுத்தடுத்து இருக்கின்றன. தோங்தானில் முதல் லைனும் வந்து சேர்கிறது. அங்கிருந்து அரண்மனைக்கு இறங்க வேண்டிய தியானன்மென் கிழக்கு இரண்டாவது ஸ்டாப், சொர்க்கக் கோயில் கிழக்கு வாசல் மூன்றாவது ஸ்டாப், யோங்ஹெகோங் திபெத்திய மடம் ஐந்தாவது. எதற்கும் லைன் மாற வேண்டியதில்லை. சாயங்காலம் வாங்ஃபூஜிங் கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம். ரூம் நான் எடுத்த விலை ஒரு ராத்திரிக்கு 400-லிருந்து 600 யுவான். ஹான்டிங், ஜி, அதூர் போன்ற உள்ளூர்த் தொடர் ஹோட்டல்களில்தான் அதிகம் தங்கியிருக்கிறேன். ரூம் சின்னது, சுத்தம் நன்றாக இருக்கும், வெந்நீர் கெட்டில் கட்டாயம் இருக்கும். பல கிளைகளில் வாஷிங் மெஷினும் உண்டு. ஒரு வாரப் பயணத்தில் அது எவ்வளவு உபயோகம் என்பது துவைக்கத் துணி இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

பழைய ஹூதோங் சந்துகளில் முற்றம் வைத்த வீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். நம் தொட்டிக்கட்டு வீடு மாதிரி நாலு பக்கமும் அறை, நடுவில் திறந்த முற்றம், ஒரு மரம். மனசுக்கு ரொம்பப் பிடித்த இடம். 2017 நவம்பர் முதல் வாரத்தில் ஒன்றில் மூன்று நாள் தங்கினேன். கார் சந்துக்குள் வராது. பெட்டியைக் கல் பாவிய தரையில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் குளிர். பெய்ஜிங்கில் வீடுகளுக்கு மைய வெப்பக் குழாய்களைத் திறப்பது வழக்கமாக நவம்பர் 15-ஆம் தேதி, மூடுவது மார்ச் 15. அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் பழைய கட்டிடங்களில் மிகவும் கஷ்டமான காலம். ஏசியைச் சூட்டுக்கு மாற்றினாலும் மேலே மட்டும் சூடு, கால் விறைக்கும். வயதானவர்களோடு போனால் அந்தச் சமயத்தில் முற்ற வீடு வேண்டாம். வசந்தத்திலோ செப்டம்பரிலோ போனால் ஒரு ராத்திரியாவது அங்கே தங்குங்கள்.

ஷியான் நகரத்தில் முடிவெடுப்பது சுலபம். மதிலுக்குள்ளே தங்க வேண்டும். மிங் காலத்து மதில், சுற்றளவு 13.7 கிலோமீட்டர். மேலே சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒரு சுற்று வரலாம். ஊருக்கு நடுவில் 1384-ல் கட்டிய மணிக் கோபுரம். அதிவேக ரயில் வந்து நிற்கிற வடக்கு ஸ்டேஷனிலிருந்து மெட்ரோ இரண்டாம் லைனில் ஏறினால் நேராக மணிக் கோபுரத்தில் இறங்கலாம். முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் முஸ்லிம் தெரு, ராத்திரியில்தான் அதற்கு உயிர் வரும். ஆனால் அந்தத் தெருவைப் பார்த்த ரூம் எடுத்தால் தூக்கம் போகும், நான் எடுத்தேன். இரண்டு தெரு தள்ளி, உட்பக்கம் பார்த்த ரூமாகக் கேளுங்கள். சுடுமண் படைவீரர்கள் இருப்பது கிழக்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளி லின்தோங்கில். 'அருங்காட்சியகத்துக்கு அருகில்' என்று அங்கே ரூம் போட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பகலில் போய் வர மெட்ரோவும் பஸ்ஸும் போதும். ஷியானில் இன்னொரு இடம் பெரிய காட்டு வாத்துக் கோபுரம். நம் காஞ்சிபுரம் வரை வந்துபோன யுவான் சுவாங், இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுவடிகளை வைப்பதற்காக 652-ல் எழுப்பியது. காஞ்சியைப் பார்த்த ஒருவர் திரும்பி வந்து உட்கார்ந்து மொழிபெயர்த்த இடம் என்று நினைத்துக்கொண்டே அதன் அடியில் வெகுநேரம் நின்றேன்.

ஷாங்ஹாயில் பண்ட் ஆற்றங்கரையைப் பார்த்த ரூமுக்கு அதிகப் பணம் கொடுக்காதீர்கள். மக்கள் சதுக்கம் பக்கம் தங்கினால் மூன்று மெட்ரோ லைன்கள், நான்ஜிங் சாலை வழியாக நடந்தே ஆற்றங்கரை. அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையில் கூட்டம் தாங்காமல் நான்ஜிங் கிழக்குச் சாலை ஸ்டேஷனில் சாயங்காலம் ரயிலையே நிறுத்தாமல் விட்டுவிடுவார்கள். பக்கத்தில் ஸ்டேஷன் இருக்கிறது என்று நம்பி ரூம் போட்டவர்கள் பெட்டியோடு அடுத்த ஸ்டேஷனுக்கு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பொதுவாகவே அந்த வாரத்தில் போகாதீர்கள். மே முதல் வாரமும் அப்படியே.

ரூம் போடும்போது கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் இருக்கின்றன. கூகுள் மேப்பில் சீனாவின் தெருப்படமும் சாட்டிலைட் படமும் ஒன்றோடொன்று பொருந்தாது, சில நூறு மீட்டர் விலகியிருக்கும். அங்கே வரைபடங்களுக்கு வேறு ஆயத்தொலை முறையைக் கட்டாயமாக்கியிருப்பதுதான் காரணம். காவ்டே என்கிற சீன மேப் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், மெட்ரோவின் எந்த வாசலில் ஏற வேண்டும் என்பதைக்கூடக் காட்டும். பெய்ஜிங்கின் பழைய லைன்களில் சில வாசல்களில் படிக்கட்டு மட்டும்தான். பெட்டி கனமாக இருந்தால் அது பெரிய வித்தியாசம்.

ஜன்னல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 'ஊ ச்சுவாங்' என்றால் ஜன்னலே இல்லை. 'நெய் ச்சுவாங்' என்றால் உள் நடைவழியைப் பார்த்த ஜன்னல். படத்தில் அழகாகத் திரை தொங்கும். ஷாங்ஹாயில் ஒரு ஹோட்டலில் ஆசையாகத் திரையை விலக்கினேன், பின்னால் வெள்ளைச் சுவர். அப்புறம், பல் துலக்கும் பிரஷ், சீப்பு, ரேசர் எல்லாம் ஷாங்ஹாயில் 2019 ஜூலையிலிருந்தும் பெய்ஜிங்கில் 2020 மே மாதத்திலிருந்தும் ரூமில் வைப்பதில்லை. கேட்டால் கொடுப்பார்கள்.

இதுவரை எனக்கு நேர்ந்ததிலேயே மோசமானது 2016-ல். மேற்கு ஏரிக்குப் பக்கத்தில் பணம் கட்டி உறுதியான ரூம். ராத்திரி பத்து மணிக்கு ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டவரைச் சேர்க்க முடியாது என்று கையை விரித்தார்கள். சீனாவில் ஹோட்டல்கள் வெளிநாட்டு விருந்தினரின் விவரத்தைப் போலீசில் பதிய வேண்டும். சின்ன ஹோட்டல்கள் பலவற்றுக்கு அந்த வேலை பழக்கமில்லை. மழையில் வேறு இடம் தேடியபோது மணி பன்னிரண்டு. 2024-ல் அப்படி மறுக்கக் கூடாது என்று அரசே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஒருமுறைகூட இந்தச் சிக்கல் வரவில்லை. இருந்தாலும் சின்ன இடமாக இருந்தால் முதல் நாளே செய்தி அனுப்பி, இந்தியப் பாஸ்போர்ட் சரியா என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். பணம் கட்டுவது இப்போது சுலபம். அலிபேயிலும் வீசாட்டிலும் நம் விசா, மாஸ்டர் கார்டைச் சேர்த்துவிடலாம்.

கடைசியாகப் போனபோது பழைய துறைமுக ஊரான ச்சுவான்ஜோவுக்குப் போனேன். இந்த ஊருக்கு மட்டும் தூரக் கணக்கு, வாசல் கணக்கு எதுவும் பார்க்கவில்லை. கையுவான் கோயில் இருக்கிற மேற்குத் தெருவிலேயே, மொட்டைமாடியிலிருந்து அதன் இரட்டைக் கல் கோபுரங்கள் தெரிகிற ஒரு சின்ன விடுதியில் ரூம் எடுத்தேன். இந்தத் துறைமுகத்தில் நம் வணிகர்கள் இருந்திருக்கிறார்கள். 1281-ல் சித்திரை மாதத்தில் இங்கே ஒரு சிவன் கோயிலில் மூர்த்தியை எழுந்தருளுவித்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அடியில் சீன எழுத்தும் உண்டு. அந்தக் கோயில் இன்று இல்லை. ஆனால் இங்கே இருந்த பழைய இந்துக் கோயிலின் தூண்கள் இரண்டு, கையுவான் பெரிய மண்டபத்தின் பின்பக்கத்தில் நிற்கின்றன.

காலையில் வாசல் திறந்ததும் போய்விட்டேன். முன்பக்கம் ஊதுவத்தி கொளுத்துகிறவர்கள் நாலைந்து பேர். பின்பக்கம் ஒருவரும் இல்லை. தூணில் நரசிம்மர், மடியில் இரணியன். சற்றுத் தள்ளி இரண்டு மருத மரங்களுக்கு நடுவே கண்ணன். நம் பேரூர்க் கோயிலில் பார்க்கிற அதே சிற்பக் கை. பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் முகத்தையும் தூணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்து?" என்றார். தலையாட்டினேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மறு பக்கத்துச் சிற்பங்களை நான் பார்க்காமல் போய்விடக் கூடாதே என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். ரூம் ஐந்து நிமிஷ நடையில் இருந்ததால் சாயங்காலமும் போனேன், மறுநாள் காலையிலும் போனேன்.