ப்ளூமர்ஸ் ஃப்ரில்லுக்கு ரஃப்ளர் ஃபுட்: வாங்கலாமா?

ஃப்ராக், மிடி, காட்டன் ஸ்கர்ட் போடுறவங்களுக்கு உள்ள போட்டுக்க ப்ளூமர்ஸ், அதாவது கால்ல எலாஸ்டிக் வச்ச தொளதொள உள்பேன்ட், மாதிரி நிம்மதியான துணி வேற கிடையாது, வெயில்ல தொடை உரசாது, வண்டியில போகும்போது காத்துக்கு பயப்பட வேண்டாம். ஆனா ரெடிமேட்ல இடுப்பு சரியா இருந்தா உட்காரும்போது பின்பக்கம் கீழ இழுக்குது. அதனால நான் என் அளவுக்கு வரைஞ்சு நானே தைச்சுக்குறேன். அதுல நேரத்தை முழுங்குறது கால்ல வர்ற ஃப்ரில் தான், அதுக்குன்னே வாங்கினது இந்த ரஃப்ளர் ஃபுட், தையல் மிஷின்ல மாட்டினா தானே சுருக்கு வச்சு தைக்குற பாகம்.

முதல்ல வரையுறத சொல்லிடுறேன், ஏன்னா அளவு சரியில்லன்னா எந்த ஃபுட் வாங்கியும் பிரயோஜனம் இல்ல. சீட் (பின்பக்கம் அகலமான இடம்) சுத்தளவு 40 இஞ்ச்னு வைங்க, அதுல 8 இஞ்ச் லூஸ் சேர்த்தா 48, ஒரு காலுக்கு 24. சைடுல ஜாயின்ட்டே வேண்டாம், ஒரு கால் முழுக்க ஒரே பீஸ். முன்பக்க கவட்டைக்கு சீட்ல பதினாறுல ஒரு பங்கு, அதாவது இரண்டரை இஞ்ச், பின்பக்கத்துக்கு எட்டுல ஒரு பங்கு, 5 இஞ்ச். ரொம்ப முக்கியமானது உட்கார்ந்து எடுக்குற அளவு: மர நாற்காலியில நேரா உட்கார்ந்து இடுப்புல இருந்து நாற்காலி பலகை வரைக்கும் பக்கவாட்டுல டேப் வைக்கணும், வர்றதோட 2 இஞ்ச் கூட்டிக்கோங்க, பின் இடுப்பை மட்டும் இன்னும் ஒன்றரை இஞ்ச் தூக்கி வரைங்க. ரெடிமேட்ல இழுக்குதுன்னு சொன்னேனே, அது இந்த இடத்துல தான் சரியாகும்.

லூஸை குறைக்கணும்னு சிலருக்கு தோணும், தயவுசெஞ்சு குறைக்காதீங்க. 1851ல அமெரிக்காவுல அமீலியா ப்ளூமர் தன்னோட தி லில்லி பத்திரிகையில ஆதரிச்சு எழுதின டிரஸ்ஸே குட்டை ஸ்கர்ட்டுக்கு கீழ தொளதொளன்னு கணுக்கால்ல வந்து சேர்ற பேன்ட் தான், அவங்க பேர்லயே அது நின்னுடுச்சு. இப்போ ஜப்பான்ல டோக்கியோவோட ஹராஜுகு பக்கம் லோலிடா ஃபேஷன்னு பழங்கால பொம்மை மாதிரி டிரஸ் போடுற பொண்ணுங்க குடை ஸ்கர்ட்டுக்கு உள்ள போடுறதும் அதே தொளதொளப்போட தான். உடம்ப ஒட்டி இறுக்கமா தைச்சா அது வெறும் ஷார்ட்ஸ்.

இப்ப ஃபுட்டுக்கு வர்றேன். இதுல ஒரு கவை மாதிரி கை இருக்கும், அது ஊசி இறுக்குற ஸ்க்ரூ மேல உட்காரும், ஊசி ஏறி இறங்க இறங்க உள்ள இருக்குற பல் வச்ச தகடு துணிய முன்னாடி தள்ளி மடிப்பு வச்சுக்கிட்டே போகும். மேல 1, 6, 12னு நம்பர் இருக்கு: ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மடிப்பா, ஆறுக்கு ஒண்ணா, பன்னிரண்டுக்கு ஒண்ணானு. முன்னாடி இருக்குற ஸ்க்ரூவ திருகினா மடிப்போட ஆழம் மாறும், தையல் நீளத்தை குறைச்சா சுருக்கு இன்னும் நெருங்கும். நான் ப்ளூமர்ஸுக்கு வைக்கிறது 6, நல்லா சீரா வருது, நூல் இழுத்து சுருக்குறப்ப ஒரு இடம் குவிஞ்சு ஒரு இடம் வெறுமையா நிக்குமே, அந்த தொல்லை சுத்தமா இல்ல.

குறை என்னன்னா வச்ச மடிப்பு வச்சது தான், நூல் சுருக்கு மாதிரி அப்புறம் தள்ளி சரிபண்ண முடியாது. அதனால அதே துணியில 15 இஞ்ச் துண்டு வெட்டி ஓட்டிப் பாருங்க, 10 இஞ்ச்சுக்கு வர்ற வரைக்கும் ஸ்க்ரூவ மாத்துங்க. ஒன்றரை மடங்கு போதும், ஃப்ரில்லுக்கு மேல எலாஸ்டிக் வந்து திரும்ப சுருக்கிடும்ல, ரெண்டு மடங்கு வச்சா ஸ்கர்ட்டுக்குள்ள புடைச்சுக்கிட்டு தெரியும். ஒரு காலோட கீழ் சுத்தளவு 30 இஞ்ச்னா ஃப்ரில் பட்டி 45 இஞ்ச் வேணும், 44 இஞ்ச் அகல துணியில ஒட்டு போட்டு தான் ஆகணும், அந்த ஒட்டை விரிச்சு நல்லா அயர்ன் பண்ணிடுங்க, தடிப்பா இருந்தா தகடுக்கு நடுவுல சிக்கி நிக்கும். பட்டியோட கீழ் விளிம்ப முதல்லயே மடிச்சு தைச்சுடணும்.

பாப்ளின், கேம்ப்ரிக், மல் மூணுலயும் அருமையா ஓடுது. ஹக்கோபா துணியில எம்பிராய்டரி தடிப்பு வர்ற இடத்துல திணறுது, அதுக்கு கையாலயே சுருக்கு வைக்கிறது மேல். சத்தம் டக்டக்னு பெருசா தான் இருக்கும், அது அதோட இயல்பு, மெதுவா ஓட்டுங்க. ஜிக்ஜாக்ல கண்டிப்பா வைக்காதீங்க, ஊசி உடையும்.

ஒரு ப்ளூமர்ஸ் மட்டும் தைக்கப் போறவங்களுக்கு இது தேவையில்ல. வீட்ல பொண்ணுக்கு ஃப்ராக், தலையணை உறைன்னு ஃப்ரில் வேலை அடிக்கடி இருந்தா தைரியமா வாங்கலாம். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஃபுட்ட இறக்கி வச்சு, மிஷின் தட்டுல இருந்து ஃபுட் ஸ்க்ரூவோட நடு வரைக்கும் அளந்துடுங்க. ஃபுட் மாட்டுற தண்டுக்கு தான் ஷாங்க்னு பேரு: முக்கால் இஞ்ச்சுக்குள்ள இருந்தா லோ ஷாங்க், ஒரு இஞ்ச் தாண்டினா ஹை ஷாங்க், ஒண்ணுக்கு வாங்கினது இன்னொண்ணுல உட்காராது.